எழுதியவருக்கே உரிமை: இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், படைப்பாளிகளுக்கான முழு வழிகாட்டி

கதை எழுதுகிறவர், ஓவியம் வரைகிறவர், மெட்டமைக்கிறவர், படம் எடுக்கிறவர் என்று யாரிடம் பதிப்புரிமை பற்றிப் பேசினாலும் முதலில் வருவது "எங்கே பதிவு செய்ய வேண்டும்?" என்ற கேள்விதான். இந்தியாவில் பதிப்புரிமை கிடைக்கப் பதிவு தேவையில்லை. சொந்தமாக ஒன்றை எழுதியோ வரைந்தோ பதிந்தோ முடித்த கணத்திலேயே சட்டம் அந்த உரிமையை உங்களுக்குத் தந்துவிடுகிறது. அது கைநழுவிப் போவது பெரும்பாலும் ஒரு கையெழுத்தில். முன்பணம் மேசைமேல் இருக்கும்போது, படித்துப் பார்க்காமல் போடும் கையெழுத்து. அதனால் இந்த வழிகாட்டியில் பதிவைவிட ஒப்பந்தத்துக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

நாம் பேசப்போகும் சட்டம் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். 1958 ஜனவரி 21 அன்று நடைமுறைக்கு வந்தது, பலமுறை திருத்தப்பட்டது. 2012ஆம் ஆண்டின் திருத்தம் படைப்பாளிகளின் பக்கம் உறுதியாக நின்ற திருத்தம். அதன் பலனைப் பலர் இன்னும் அனுபவிக்கவே தொடங்கவில்லை.

படி 1: உங்களிடம் இருப்பது படைப்பா, யோசனையா?

சட்டம் காப்பது இலக்கியம், நாடகம், இசை, ஓவியம் சிற்பம் புகைப்படம் போன்ற கலைப்படைப்புகள், திரைப்படம், ஒலிப்பதிவு ஆகியவற்றை. கணினி மென்பொருளும் இலக்கியப் படைப்பு என்ற வகைக்குள்தான் வருகிறது. கருவுக்கும் யோசனைக்கும் பாதுகாப்பு இல்லை; அந்தக் கருவை நீங்கள் விரித்துச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு.

இதை நிலைநிறுத்தியது 1978இல் உச்ச நீதிமன்றம் அளித்த ஆர்.ஜி. ஆனந்த் வழக்கின் தீர்ப்பு. தன் 'ஹம் ஹிந்துஸ்தானி' நாடகத்தைத் திருடி 'நியூ டெல்லி' என்ற படத்தை எடுத்துவிட்டார்கள் என்பது நாடக ஆசிரியரின் புகார். இரண்டிலும் மாநிலப் பற்றால் வரும் பகைமைதான் மையம். ஆனால் கரு ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. இரண்டையும் பார்த்த ஒருவருக்கு, இது அதன் நகல்தான் என்ற எண்ணம் ஐயமின்றி எழ வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. வழக்குத் தோற்றது. "என் கதையைத் திருடிவிட்டார்கள்" என்று கோடம்பாக்கத்தில் எழும் புகார்கள் எல்லாம் இன்றும் இந்த அளவுகோலில்தான் எடை போடப்படுகின்றன.

தலைப்புக்கும் பதிப்புரிமை கிடையாது. 2015இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. தகவல்களுக்கும் தேதிகளுக்கும் கிடையாது. உழைத்துத் திரட்டினேன் என்பது மட்டும் போதாது, தேர்விலோ தொகுப்பிலோ சிறிதளவாவது சொந்தப் படைப்பாற்றல் தெரிய வேண்டும் என்பது 2007இல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் வந்த முடிவு.

ஆகவே தயாரிப்பாளர் அலுவலகத்தில் இரண்டு வரிக் கதையை வாயால் சொல்லிவிட்டு வருவது ஆபத்து. போவதற்கு முன் காட்சிகளோடும் பாத்திரங்களோடும் எழுதி முடித்துவிடுங்கள். எழுத்தில் எவ்வளவு விரிவு இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் உங்கள் வேலி நீளும்.

துணி, நகை, பாத்திரம் போன்றவற்றுக்கு வடிவமைப்பு செய்கிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதிவு செய்யாமல் விட்டு, தொழில்முறையில் 50 பிரதிகளுக்கு மேல் உற்பத்தியும் ஆகிவிட்டால் அதன் பதிப்புரிமை அத்தோடு முடிந்துவிடும். அவர்களுக்கு மட்டும் பதிவு உண்மையிலேயே அவசரம்.

படி 2: முதல் உரிமையாளர் யார்?

பொது விதி எளிது. எழுதியவர், இசையமைத்தவர், வரைந்தவர், படம் பிடித்தவர்தான் முதல் உரிமையாளர். திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் தயாரிப்பாளர். ஆனால் 17ஆம் பிரிவின் விலக்குகளை அறியாமல் ஏமாந்தவர்கள் ஏராளம்.

சம்பளத்துக்கு வேலை செய்யும்போது வேலையின் பகுதியாக உருவாக்கியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம். பத்திரிகையில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு மட்டும் சட்டம் ஒரு சலுகை தருகிறது. கட்டுரையையோ தொடரையோ பத்திரிகைகளில் வெளியிடும் உரிமைதான் நிறுவனத்துக்கு. மற்ற உரிமைகள், நூலாக்கும் உரிமை உட்பட, எழுதியவருக்கே. நியமனக் கடிதத்தில் இதற்கு எதிராக ஏதாவது எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சம்பளமில்லாமல் வெளியிலிருந்து எழுதுகிறவர், உரிமையை எழுத்துமூலம் மாற்றிக் கொடுக்காதவரை எதையும் இழப்பதில்லை.

புகைப்படக்காரர்கள் அதிரும் இடம் அடுத்தது. ஒருவர் கேட்டுக்கொண்டு, பணமும் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். கல்யாணப் படங்கள் மணவீட்டாருக்கு. பணம் வாங்கிக்கொண்டு வரையும் ஓவியத்துக்கும் இதே விதி. அட்டைப்படம் வரைந்து கொடுக்கும் ஓவியர், "அட்டைக்கு மட்டும், மூலமும் மற்ற உரிமைகளும் என்னுடையவை" என்று பில்லிலேயே ஒரு வரி எழுதி, அதைப் பதிப்பாளர் ஒப்புக்கொண்டதாக மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

திரைப்படப் பாடலாசிரியர், இசையமைப்பாளரின் கதை நீண்ட போராட்டம். 1977இல் உச்ச நீதிமன்றம், படத்துக்காக எழுதப்பட்ட பாடலின் உரிமை தயாரிப்பாளருக்கே போகும் என்று தீர்ப்பளித்தது. அந்தக் கதவைத் திறக்க 35 ஆண்டுகள் ஆயின. 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாடல் திரையரங்கில் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்ற பயன்பாடுகளில் வரும் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சமபங்கு உண்டு. அந்தப் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. வாரிசுகளுக்கோ, வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே அதை மாற்றலாம்.

படி 3: எத்தனை ஆண்டு?

ஆசிரியரின் ஆயுள், அதன்பின் 60 ஆண்டுகள். இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து கணக்கு. முன்பு 50 ஆண்டாகத்தான் இருந்தது. 1941இல் மறைந்த தாகூரின் படைப்புகளுக்கு உரிமை முடியும் வேளை நெருங்கியபோது அதை 60 ஆக நீட்டினார்கள். திரைப்படம், ஒலிப்பதிவு, அரசு வெளியீடு, பெயரில்லாமல் வந்த படைப்பு ஆகியவற்றுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60. புகைப்படத்துக்கும் முன்பு அப்படித்தான். 2012இலிருந்து மற்றக் கலைப்படைப்புகளைப் போல ஆயுளும் 60 ஆண்டும்.

1954 டிசம்பரில் மறைந்த கல்கியை எடுத்துக்கொள்வோம். 1955 ஜனவரி 1இல் எண்ணத் தொடங்கினால் 2014 டிசம்பர் 31இல் 60 ஆண்டு முடிகிறது. (தமிழக அரசு அதற்கு முன்பே அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கிவிட்டது.) அவர் நாவலை இன்று யாரும் அச்சிடலாம், நாடகமாக்கலாம். ஆனால் அதே நாவலுக்கு அண்மையில் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பையோ, ஒரு பதிப்பில் சேர்ந்திருக்கும் புதிய ஓவியங்களையோ முன்னுரையையோ தொட முடியாது. அவை தனித்தனிப் படைப்புகள்.

பாட்டில் இந்த அடுக்குகள் இன்னும் தெளிவாகத் தெரியும். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இல் மறைந்தார். அவருடைய வரிகளுக்கு 2019 முடிவோடு காலம் தீர்ந்தது. ஆனால் அந்த வரிகளுக்கு மெட்டமைத்தவர் 2015இல் மறைந்த எம்.எஸ். விஸ்வநாதனாக இருந்தால் மெட்டின் உரிமை 2075 வரை நீள்கிறது. ஒலிப்பதிவுக்கோ, இசைத்தட்டு வெளியான ஆண்டிலிருந்து 60. ஆக, அந்த வரிகளைப் புத்தகத்தில் அச்சிடலாம். பாட்டை அதே மெட்டில் பாடிக் காணொளி வெளியிட அனுமதி வேண்டும். பழைய பாட்டுத்தானே என்று கை வைக்கும் முன், எந்த அடுக்கைத் தொடுகிறீர்கள் என்று பார்க்க வேண்டும்.

நாட்டுடைமை என்பது தமிழர்களுக்கே உரிய நல்ல வழக்கம். பாரதியின் படைப்புரிமையைச் சென்னை மாகாண அரசு 1949இல் கையகப்படுத்தி, பிறகு 1955இல் மக்கள் அனைவருக்கும் பொதுவாக்கியதில் தொடங்கியது அது. குடும்பத்துக்கு ஒரு பரிவுத்தொகை கொடுத்துவிட்டு நூல்களைப் பொதுவில் விடுகிறது அரசு. ஒருவர் நூல் நாட்டுடைமையா என்பதை அரசாணையைப் பார்த்தே உறுதி செய்துகொள்ளுங்கள். செவிவழிச் செய்தியை நம்பி அச்சுக்குக் கொடுக்க வேண்டாம்.

இலங்கையிலும் சிங்கப்பூரிலும் ஆசிரியர் மறைந்து 70 ஆண்டு என்பது கணக்கு. அங்கே வெளியிட நினைப்பவர் அந்தந்த நாட்டுச் சட்டத்தைத் தனியே பார்க்க வேண்டும்.

படி 4: சான்று சேர்த்து வையுங்கள், முடிந்தால் பதிவு செய்யுங்கள்

கைப்பிரதி, திருத்தங்களோடு கூடிய வரைவுகள், தேதியோடு கணினியில் இருக்கும் கோப்புகள், அனுப்பிய மின்னஞ்சல்கள் எதையும் அழிக்காதீர்கள். ஒரு படைப்பு எப்படி வளர்ந்தது என்பதைக் காட்டும் வரைவுகளுக்கு நீதிமன்றத்தில் நல்ல மதிப்பு உண்டு. தனக்குத்தானே பதிவுத்தபாலில் அனுப்பி உறை பிரிக்காமல் வைத்திருப்பதற்குச் சட்டம் தனியாக எந்தத் தகுதியும் தரவில்லை. திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் கதையைப் பதிந்து வைப்பது நல்ல சான்று. ஆனால் அது அரசின் பதிவேடு ஆகாது.

அரசுப் பதிவு டெல்லியில் துவாரகாவில் உள்ள பதிப்புரிமை அலுவலகத்தில் நடக்கிறது. நேரில் போக வேண்டியதில்லை. அலுவலகத்தின் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, படிவம் 14ஐ அதன் விவர அட்டவணைகளோடு நிரப்பி, படைப்பின் பிரதியை இணைத்து, கட்டணம் செலுத்த வேண்டும். 2013ஆம் ஆண்டு விதிகளின்படி இலக்கியம், இசை, நாடகம், ஓவியத்துக்கு ஒரு படைப்புக்கு 500 ரூபாய். விற்பனைப் பொருள்களில் பயன்படும் ஓவியத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் 2,000 ரூபாய். திரைப்படத்துக்கு 5,000 ரூபாய். உரிமையாளரும் ஆசிரியரும் வேறு வேறு ஆட்களாக இருந்தால் ஆசிரியரின் ஆட்சேபமின்மைக் கடிதம் தேவை. விண்ணப்பித்ததும் டைரி எண் (உங்கள் விண்ணப்பத்துக்கான அடையாள எண்) கிடைக்கும். அதன்பின் 30 நாள், யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று காத்திருப்பார்கள். பிறகு பரிசோதனை, குறை இருந்தால் கடிதம் வரும், அதற்குக் குறித்த நாளுக்குள் பதில் தர வேண்டும். பலருடைய விண்ணப்பம் சாவது இங்கேதான்: மின்னஞ்சலைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள்.

500 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது? பதிவேட்டில் உள்ள விவரம் முதல்நிலைச் சான்று. அது தவறு என்றால் எதிர்த்தரப்புதான் நிரூபிக்க வேண்டும். ஒரு நாவலுக்கோ திரைக்கதைக்கோ இது நியாயமான செலவு. ஒவ்வொரு கவிதைக்கும் தேவையில்லை.

படி 5: ஒப்பந்தத்தைப் படியுங்கள், வரி வரியாக

சிறு பதிப்பகங்களில் புழங்கும் ஒப்பந்தங்களில் இப்படி ஒரு வரி வரும்: "மேற்படி நூலின் சகல உரிமைகளையும் இன்று ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு நிரந்தரமாக எழுதிக் கொடுக்கிறேன்." மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, நாடகம், திரைப்படம், இணையத்தொடர் என ஒவ்வொன்றும் தனியே விற்கத்தக்க சொத்து. 'சகல' என்ற ஒரு சொல் அத்தனையையும் வாரிக்கொண்டு போகிறது. 5,000 ரூபாய்க்கு நாவலைக் கொடுத்தவர், அது படமாகும்போது வாசலில் நிற்க வேண்டி வருவது இந்த வரியால்தான்.

முதலில், உரிமையையே மாற்றிக் கொடுப்பது வேறு, உரிமம் தருவது வேறு. மாற்றிக் கொடுத்தால் நீங்கள் உரிமையாளர் இல்லை. உரிமம் கொடுத்தால் உரிமையாளராகவே இருந்துகொண்டு, குறிப்பிட்ட பயன்பாட்டுக்கு மட்டும் அனுமதிக்கிறீர்கள். எழுத்தாளர்கள் உரிமம் மட்டுமே தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உரிமையையே வாங்கினால்தான் போடுவேன் என்று ஒரு பதிப்பாளர் பிடிவாதம் பிடித்தால், அந்த நூலில் அவர் காணும் மதிப்பு அவர் தரும் தொகையைவிடப் பெரிது என்று புரிந்துகொள்ளலாம்.

நீங்கள் எழுதித் தரக்கூடிய வாசகம் இது: "என் நாவலைத் தமிழில், அச்சு நூலாக மட்டும், இந்தியாவுக்குள் விற்க, இந்தத் தேதியிலிருந்து 5 ஆண்டுகளுக்கு உரிமம் அளிக்கிறேன். விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் அட்டை விலையில் இத்தனை சதவீதம் ராயல்டி. ஆண்டுக்கு ஒருமுறை விற்பனைக் கணக்கோடு தரப்பட வேண்டும். இங்கே குறிப்பிடாத எல்லா உரிமைகளும் என்னிடமே இருக்கும்." கடைசி வரியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் 18, 19ஆம் பிரிவுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். எழுத்தில், கையெழுத்தோடு இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. "வாய்வார்த்தையாகக் கொடுத்துவிட்டீர்களே" என்று யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டாம். எவ்வளவு காலத்துக்கு என்று ஒப்பந்தம் சொல்லாவிட்டால் அது 5 ஆண்டுக்கு மட்டுமே. எந்த இடத்துக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதப்படாதவரை, அது காலாவதியாகி உங்களிடமே திரும்புகிறது. 2012 திருத்தத்துக்குப் பிந்தைய ஒப்பந்தங்களில் இன்னொரு காவலும் உண்டு: கையெழுத்திட்ட காலத்தில் இல்லாத, வணிகப் புழக்கத்துக்கு வராத ஊடகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தாலன்றி, அதற்கான உரிமை போகாது. பீரோவில் கிடக்கும் பழைய ஒப்பந்தத்தை எடுத்து இந்த நான்கைந்து புள்ளிகளோடு ஒத்துப் பாருங்கள். விற்றுவிட்டதாக நினைத்திருந்த நூல் உங்களுடையதாகவே இருக்கக்கூடும்.

எல்லாவற்றையும் விற்றுவிட்டவரிடமும் ஒன்று மிஞ்சுகிறது. 57ஆம் பிரிவின்படி, இது என் படைப்பு என்று சொல்லும் உரிமையும், தன் பெயருக்குக் களங்கம் வரும்படி அதைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் உரிமை கைமாறிய பிறகும் படைப்பாளியிடம் இருக்கின்றன. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்காகச் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை, சீரமைப்பின்போது கழற்றிக் கிடங்கில் போட்டுச் சேதப்படுத்திவிட்டது அரசு. சிற்பம் அரசின் சொத்துதான். ஆனாலும் 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம், எஞ்சிய பகுதிகளை அவரிடம் திருப்பிக் கொடுத்து 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் தர உத்தரவிட்டது.

படி 6: பிறர் படைப்பைப் பயன்படுத்தும்போது

சொந்தப் படிப்புக்கும் ஆய்வுக்கும், விமர்சனத்துக்கும், நடப்புச் செய்திக்கும் நியாயமான அளவில் எடுத்தாளலாம் என்கிறது 52ஆம் பிரிவு. இத்தனை சொல், இத்தனை விநாடி என்ற எல்லை எதுவும் அதில் இல்லை. 30 விநாடிக்குள் என்றால் குற்றமில்லை என்பது வெறும் கட்டுக்கதை. 'நன்றி: இணையம்' என்று போடுவதும் அனுமதி ஆகாது. பணம் சம்பாதிக்கவில்லை என்பதும் தனியாக ஒரு காரணம் ஆகாது.

கல்விக்கான விலக்கு கொஞ்சம் விரிந்தது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் பாடப்பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்து விற்ற கடைக்கு எதிராக மூன்று பெரிய வெளிநாட்டுப் பதிப்பகங்கள் தொடர்ந்த வழக்கில், 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் மாணவர்கள் பக்கம் நின்றது. கற்பித்தலுக்குத் தேவையான அளவு நகல் எடுக்கலாம் என்பது அதன் சாரம். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக, லாப நோக்கின்றி, ஒரு நூலை பிரெயிலாகவோ ஒலியாகவோ மாற்றவும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

படி 7: திருடப்பட்டால்

கோபத்தில் முதலில் முகநூலில் எழுதாதீர்கள். எதிராளி உஷாராகி எல்லாவற்றையும் நீக்கிவிடுவார். முதலில் சான்று. இணையப் பக்கத்தின் முகவரி, தேதியோடு திரைப்பிடிப்பு, அச்சு நூல் என்றால் கடையில் வாங்கிய பிரதியும் ரசீதும். இரண்டு படைப்புகளையும் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டு அட்டவணை போடுங்கள். வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.

இணையத்தில் என்றால் அந்தத் தளத்துக்கு எழுத்துமூலம் புகார் அனுப்புங்கள்: எந்தப் படைப்பு, நீங்கள் உரிமையாளர் என்பதற்கு என்ன ஆதாரம், எந்த முகவரியில் மீறல் நடக்கிறது, அது ஏன் விலக்குகளில் வராது, 21 நாளுக்குள் வழக்குத் தொடர்வதற்கான உறுதிமொழி. 2013 விதிகளின்படி 36 மணி நேரத்துக்குள் தளம் அந்தப் பக்கத்தை யாரும் அணுக முடியாதபடி நிறுத்த வேண்டும். 21 நாளில் நீதிமன்ற ஆணை வராவிட்டால் மீண்டும் திறக்கலாம். பெரிய தளங்கள் பலவற்றில் இதற்கென்றே படிவங்கள் இருக்கின்றன. தமிழ்ப் புத்தகங்களின் பிடிஎஃப் டெலிகிராம் குழுக்களில் சுற்றுவது பெரிய வேதனை. நடத்துகிறவர் யார் என்றே தெரியாதபோது என்ன செய்வது என்று கையை விரிக்க வேண்டாம்; 2022இல் டெல்லி உயர் நீதிமன்றம், பயிற்சிப் பாடங்களைத் திருடிப் பரப்பிய சேனல்களை நடத்தியவர்களின் விவரங்களைத் தரும்படி டெலிகிராமுக்கே உத்தரவிட்டது.

அடுத்தது வக்கீல் நோட்டீஸ். ஆதாரமின்றி மிரட்டினால் எதிராளியே உங்கள்மேல் வழக்குப் போட 60ஆம் பிரிவு இடம் தருகிறது. எனவே சான்று கையில் வந்த பிறகே அனுப்ப வேண்டும். உரிமையியல் (சிவில்) வழக்கில் தடையாணை, இழப்பீடு, எதிராளி ஈட்டிய லாபத்தின் கணக்கு ஆகியவற்றைக் கேட்கலாம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம் என்பது சட்டம் தந்த பெரிய வசதி. மதுரை எழுத்தாளர் மும்பைக்கு அலைய வேண்டியதில்லை. இழப்பீடு கோர 3 ஆண்டு கெடு. சென்னை உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்து வழக்குகளுக்கு இப்போது தனிப் பிரிவே இருக்கிறது.

தெரிந்தே மீறுவது குற்றமும் ஆகும்: 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இது பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. திருட்டுப் பதிப்பை மூட்டை மூட்டையாக அடித்து விற்பவருக்கு எதிராகக் காவல் நிலையம் போவது சரி. வரிகளைக் கடன் வாங்கிய சக எழுத்தாளருக்கு எதிராக அந்த ஆயுதத்தை எடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். அங்கே நோட்டீஸும் பேச்சுவார்த்தையும் போதும்.

படி 8: உங்களுக்குப் பின்

60 ஆண்டு என்பது இரண்டு தலைமுறை. யாரிடம் அனுமதி கேட்பது என்றே தெரியாமல் மறுபதிப்பு காணாத நல்ல நூல்கள் தமிழில் பல இருக்கின்றன. வாரிசுகள் நான்கு ஊர்களில் இருப்பார்கள். ஒருவர் சரி என்றால் இன்னொருவர் மறுப்பார். உயில் எழுதும்போது வீடு, நிலத்தோடு பதிப்புரிமையையும் சேருங்கள். அனுமதி கொடுக்கும் பொறுப்பை ஒருவரிடம் விட்டு, வருமானத்தை எல்லோருக்கும் பிரித்து எழுதலாம். அச்சாகாத கைப்பிரதியை ஒருவருக்கு உயிலில் கொடுத்தால், வேறு விதமாக எழுதாதவரை, அதன் பதிப்புரிமையும் அவருக்கே சேரும் என்கிறது 20ஆம் பிரிவு. யாரிடம் எந்தப் பெட்டி போகிறது என்பதை யோசித்து எழுதுங்கள். உயிலோடு ஒரு தாளில் உங்கள் நூல்களின் பட்டியலையும், ஒவ்வொன்றுக்கும் யாருடன் ஒப்பந்தம், எந்த ஆண்டு முடிகிறது என்பதையும் குறித்து, வீட்டில் இருப்பவர்களிடம் அது இருக்கும் இடத்தைச் சொல்லி வையுங்கள்.